கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுமுன்...

மலைப் பிரயாணம் என்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் செய்கிற ஏற்பாடுகளைப் பார்த்து அந்த மலையே பிரமித்துப் போய்விடும். ஸ்வெட்டர் எடுத்தாயிற்றா? குழந்தைக்குக் காதுக் குல்லாய்? புளியோதரை கட்டியாயிற்றா? பிளாஸ்கில் வெந்நீர்? தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம்? ஒன்றுகூட விட்டுப் போகாது. இத்தனையும் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டு, கடைசியில் முன்பின் பார்த்திராத ஒரு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம். அந்த ஜீப்பின் டயர்களை நம்மில் யாராவது குனிந்து பார்த்தது உண்டா?

"அதெல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்" என்று சொல்லுவீர்கள். வாஸ்தவந்தான். ஆனால் கொழுக்குமலைக்குப் போகிறவர்கள் மட்டும் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. போடிநாயக்கனூருக்கு மேற்கே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8,000 அடி உயரம். உலகத்திலேயே மிக உயரத்தில் உள்ள தேயிலைத் தோட்டங்களில் இது ஒன்று என்று அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பெருமை. மலை என்னவோ தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போகவேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். நம் வீட்டு மொட்டைமாடிக்குப் பக்கத்து வீட்டு மாடிப்படி வழியாக ஏறுவது போல! போடியிலிருந்து குரங்கணி வழியாக நேரே ஏறுகிற பாதை, கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும்.

போடிமெட்டு ஏறி, பூப்பாறையைத் தாண்டிச் சின்னக்கானல் பக்கம் திரும்பினால் சூரியநெல்லி வருகிறது. மூணாற்றிலிருந்து வருகிறவர்களும் இங்கேதான் வந்து சேரவேண்டும். அதற்கு மேல் நம் காருக்கு வேலை இல்லை. நாலு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கிற ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. சூரியோதயம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் விடியற்காலம் நாலு மணிக்கே குளிரில் பல் கிட்டிக்க வந்து நிற்கிறார்கள்.

முதலில் பாதை சாதுவாகத்தான் இருக்கிறது. தார் போட்ட சிறு சாலை, இரண்டு பக்கமும் சீப்பால் வாரிவிட்டாற்போல் தேயிலைச் செடிகள். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நினைக்கும்போதே தார் முடிந்துவிடுகிறது. அப்புறம் பெயர்ந்து கிடக்கும் கற்கள்தாம் பாதை. சில உருண்டையானவை, சில அரிவாள்மணை போலக் கூரானவை. மழைக் காலமானால் நடுநடுவே செம்மண் சேறு. ஒரு பக்கம் மலைச் சுவர். இன்னொரு பக்கம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் முதல் கியரில் முக்கி முனகிக்கொண்டு ஏறுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்தக் குலுக்கல்தான்.

தார், கல், சேறு என்று ஒரே பிரயாணத்தில் மூன்று விதத் தரை! மூன்றையும் சமாளிக்க வேண்டியவை நாலே நாலு டயர்கள். அதிலும் எந்த நேரத்திலும் ஒவ்வொரு டயரிலும் நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய இடந்தான் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நாம், நம் குழந்தைகள், புளியோதரைப் பாத்திரம் எல்லாம் அந்த நாலு உள்ளங்கைகளை நம்பித்தான் மலை ஏறுகிறோம்.

அப்படியானால் இந்த மலைக்கு எந்த டயர் நல்லது? தோசைக்கல்லில் ரசம் வைக்க முடியுமா? ஈயச் சொம்பில் தோசை வார்க்க முடியுமா? டயர் விஷயமும் அப்படித்தான்.

தார்ச் சாலைக்கு என்று செய்த டயரில் மெல்லிய வரிகள் நெருக்கமாக இருக்கும். சத்தம் போடாது, நாள்பட உழைக்கும். ஆனால் சேற்றில் இறங்கினால் அந்த வரிகள் நிமிஷத்தில் அப்பிக்கொண்டு, டயர் கொழுக்கட்டை போல வழவழவென்று ஆகிவிடும். சேற்றுக்கென்று செய்த டயர் வேறு. அதைக் கடைக்காரர்கள் 'பட்டன் டயர்' என்கிறார்கள். பெரிய பெரிய ரப்பர் கட்டைகள், நடுவில் அகலமான இடைவெளி. சுற்றுகிற வேகத்தில் சேற்றைத் தானே உதறிவிடும். ஆனால் தார்ச் சாலையில் 'உம்' என்று இரைந்துகொண்டே ஓடும், சீக்கிரம் தேயும், மழையில் நனைந்த தாரில் பிடிப்பும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று, எல்லாத் தரைக்குமான டயர். எதிலும் முதல் மார்க் வாங்காது. எதிலும் பெயிலாகவும் ஆகாது.

கல்லுக்கு வேறொரு சங்கதி வேண்டும். கூர்க் கல் டயரின் அடிப்புறத்தைக் காட்டிலும் பக்கச் சுவரைத்தான் கிழிக்கப் பார்க்கும். அடிப்புறத்தில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டவே கூடாது, தூக்கி எறியவேண்டியதுதான். ஆகவே கல் பாதைக்குப் பக்கச் சுவர் கனமாக, கூடுதல் பிளை வைத்துச் செய்த டயரே உத்தமம்.

இந்த ஞானமெல்லாம் எனக்குப் பிறக்கும்போதே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். போடியில் ஒரு டயர் கடையில் காற்று அடித்துக்கொள்ள நின்ற இடத்தில் கிடைத்தது. சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிற இளைஞர் ஒருவர் நாலு டயர் மாற்ற வந்திருந்தார். கூட அவர் மனைவி, மடியில் ஒரு மஞ்சள் பை. பையைப் பிடித்திருந்த பிடியிலேயே உள்ளே இருப்பது ஒரு சீசன் சம்பாத்தியம் என்று தெரிந்தது.

"அண்ணே, நல்ல பெரிய பட்டனாப் போடுங்க. வண்டி நின்னா கம்பீரமா நிக்கணும்" என்றார் இளைஞர்.

"கம்பீரம் இருக்கட்டும் தம்பி. சைஸைக் கூட்டினா வளைவுல திருப்பும்போது மட்கார்டுல உரசும். வண்டி உசந்துடும், சாய்வான எடத்துல கவுக்கப் பார்க்கும். பிரேக்கும் சட்டுனு நிக்காது. வண்டிக்கு என்ன சைஸோ அதையே போடு" என்றார் கடைக்காரர்.

"சரிண்ணே. அப்ப பின்னாடி ரெண்டு மட்டும் புதுசு. முன்னாடிக்கு ரீட்ரெட் போதும்."

அதுவரை பேசாமல் இருந்த அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஏர்றதுக்கு எந்த டயர்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களே. எறங்குறதுக்கு எது நல்லதுன்னு கேளுங்க."

கடைக்காரர் காற்றுக் குழாயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்படிக் கேளும்மா! ஏர்றப்போ எஞ்சின் இழுத்துக்கும். எறங்கும்போது வண்டி பாரம் பூரா முன்னாடி டயர் மேலதான் சாயும். திருப்புறதும் அதுதான், பிரேக் பிடிக்கிறதும் பெரும்பாலும் அதுதான். அங்க போய் யாராவது மிச்சம் பிடிப்பாங்களா? அதோட இது நாலு வீலும் இழுக்கிற வண்டி. முன்னாடி ஒரு சுற்றளவு, பின்னாடி ஒரு சுற்றளவுன்னு இருந்தா உள்ள இருக்கிற பல்சக்கரம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். டயர்ல மிச்சம் பிடிச்சதைக் கியர்பாக்ஸுல கொட்டணும்."

இளைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நல்ல டயர் போட்டவனுக்கும் அதே வாடகை. மொட்டை டயர்ல ஓட்டுறவனுக்கும் அதே வாடகை. ஏர்றவங்க யாரு டயரைப் பார்க்கிறாங்க?"

"யாரும் பார்க்க வேணாம். சாயங்காலம் அதே வண்டியிலதானே நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வருது?" என்றாள் அவள்.

அதற்கு மேல் பேச்சு இல்லை. மஞ்சள் பை திறந்தது. கடைக்காரர் ஒரு நாளில் தார் எத்தனை தூரம், கல் எத்தனை தூரம் என்று விசாரித்தார். எல்லாத் தரைக்குமான ரகத்தில், பக்கச் சுவர் கனமான டயர் நாலும் ஒரே மாதிரியாக வண்டியில் ஏறின. பழையவற்றில் நல்லதாக ஒன்று ஸ்டெப்னி ஆயிற்று. குறைந்த பணத்துக்குத் தவணை பேசிக்கொண்டார்கள்.

ரீட்ரெட் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 1946-ஆம் ஆண்டு சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குப் பொம்மைப் பலூன் செய்து விற்க ஒரு கொட்டகை போட்டார். 1952-ல் அந்தத் தொழில் ரீட்ரெட் ரப்பர் செய்வதாக மாறிற்று. 1961-ல் முழு டயரே செய்யத் தொடங்கிற்று. அதுதான் இன்று எம்.ஆர்.எஃப். என்று ஊரறிந்த கம்பெனி. தேய்ந்த டயருக்குப் புது மேல்தோல் போடுகிற ரீட்ரெட், லாரிகளின் பின் சக்கரங்களில் நன்றாகவே உழைக்கிறது. இடம் அறிந்து போடவேண்டும், அவ்வளவுதான். பாதாளத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குகிற ஜீப்பின் முன் சக்கரம் அதற்கு இடமல்ல.

அந்த இளைஞர் கேட்ட கேள்விதான் என் மனத்தில் நின்றது. "ஏர்றவங்க யாரு டயரைப் பார்க்கிறாங்க?" புடைவைக் கடையில் நூலைப் பிரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயை முகர்ந்து பார்த்து வாங்குகிறோம். நாம் பார்ப்போம் என்று தெரிந்துதான் கடைக்காரன் சொத்தைக் காயை ஒதுக்கி வைக்கிறான். ஜீப் நிலையத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? நாம் பார்க்கத் தொடங்கினால், வயிற்றைக் கட்டி நல்ல டயர் போட்டவருக்கு மரியாதை கிடைக்கும். போடாதவருக்கு யோசனை பிறக்கும்.

எப்படிப் பார்ப்பது? ஐந்து நிமிஷம் போதும். இருட்டாயிருந்தால் கைவிளக்கை அடித்துப் பாருங்கள்.

முதலில், வரிகளின் பள்ளத்துக்குள்ளே பாருங்கள். குறுக்கே சிறு சிறு ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

இரண்டாவது, பக்கச் சுவர். வெட்டுக் காயம், உள்ளே இருக்கும் நூல் தெரிகிற கீறல், கட்டி போன்ற வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் "வேறு வண்டி கொடுங்கள், தம்பி" என்று நயமாகச் சொல்லிவிடுங்கள். வீக்கம் என்பது உள்ளே நரம்பு அறுந்ததற்கு அடையாளம்.

மூன்றாவது, டயரின் வயது. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் பொறித்திருக்கும். 3223 என்று இருந்தால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் பிறந்தது என்று அர்த்தம். வெளியில் பளபளவென்று இருந்தாலும் ரப்பருக்கும் மூப்பு உண்டு. நாள்பட்ட டயரில் முகச் சுருக்கம் போல மெல்லிய வெடிப்புகள் ஓடும்.

நாலாவது, நாலும் ஒரே ஜாதியா என்று பாருங்கள். 235/75 ஆர் 15 என்பது போல ஒரு கணக்கு எழுதியிருக்கும். அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 75 பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல். நடுவில் உள்ள இரும்புச் சக்கரம் 15 அங்குலம். நாலு டயரிலும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது, ஸ்டெப்னி. இந்தப் பெயருக்கே ஒரு கதை இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு. அங்கே 1904-ஆம் ஆண்டில் டேவிஸ் என்ற சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, கடல் கடந்து, இன்று போடி மெக்கானிக் பட்டறை வரை புழங்குகிறது! சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் இடம். அங்கே நடுவழியில் நின்றுவிட்டால், காற்றில்லாத ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகையால் அதையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வாகனத்தைப் பற்றியும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூணாறு, ஊட்டிப் பக்கங்களில் விளையாட்டுப் பூங்காக்களில் ஏ.டி.வி. என்று ஒன்று ஓடுகிறது. மோட்டார் சைக்கிள் போல் கைப்பிடி. கீழே நாலு குண்டுச் சக்கரங்கள். குழந்தைகள் பார்த்தவுடன் ஒற்றைக் காலில் நிற்பார்கள்.

காற்றடைத்த டயரைப் பிரபலமாக்கியதே ஒரு குழந்தைதான் என்றால் நம்புவீர்களா? பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டுமென்று செய்த டயர், 1888-ல் காப்புரிமை பெற்றது. 1970-ல் ஹோண்டா கம்பெனி மணலிலும் பனியிலும் ஓட ஒரு மூன்று சக்கர வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு ஸ்பிரிங்கே கிடையாது. பலூன் போன்ற டயர்களே ஸ்பிரிங். ஆனால் மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து விபத்துகள் பெருகவே, 1988-ல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அதன்பின் நாலு சக்கர வண்டியே நிலைத்தது.

இதன் டயரில் அநேகமாக 4 முதல் 7 பவுண்டு காற்றுத்தான் இருக்கும். காருக்கு 30 பவுண்டுக்கு மேல்! காற்று குறைவாக இருப்பதால் டயர் அமுங்கிப் பரவி, மண்ணில் புதையாமல் மிதந்து போகிறது. டயர் மாற்றும்போது கவனம் வேண்டியதும் இங்கேதான். முன்னால் ஒடுக்கம், பின்னால் அகலம் என்று இரண்டு அளவு இருக்கும். காற்றுப் பார்க்கத் தனியாகச் சிறு அளவுமானி வேண்டும். பெட்ரோல் பங்கில் உள்ள மானியில் இவ்வளவு குறைந்த காற்று சரியாகத் தெரியாது. மண்ணுக்கென்று பிறந்த இந்த டயர் தார்ச் சாலையில் தாறுமாறாகப் பிடித்து, திருப்பத்தில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரிய ஏ.டி.வி.யை ஓட்டக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பூங்காக்காரர் "ஒண்ணும் ஆகாதும்மா" என்றாலும் நீங்கள் அசைந்து கொடுக்காதீர்கள்.

சரி, ஜீப் உச்சிக்கு வந்துவிட்டது. இறங்கிப் பாருங்கள். கிழக்கே நம் தமிழ்நாட்டுச் சமவெளி முழுவதையும் மேகம் மூடிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கெட்டிய மட்டும் கொட்டி வைத்த பஞ்சு! அதன் விளிம்பில் முதலில் ஒரு சிவப்புக் கீற்று. பிறகு குங்குமப் பொட்டு. பிறகு கண்ணால் பார்க்க முடியாத தங்கத் தாம்பாளம். பக்கத்தில் மீசைப்புலிமலை தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கை விறைத்துப்போன நீங்கள் ஸ்வெட்டரின் அருமையை அப்போது உணருவீர்கள்.

தோட்டத்துத் தொழிற்சாலையையும் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 1930-களில் எழுந்த கட்டிடம். இலையை வாடவிட்டு, உருளையில் சுருட்டி, நிறம் மாற வைத்து, உலர்த்தி, சலித்துப் பிரிக்கிற பழைய முறை இங்கே இன்னும் நடக்கிறது. ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடியுங்கள். பால் வேண்டாம், அப்போதுதான் மணம் தெரியும். இந்தத் தேயிலை மலையிறங்குவதும், தோட்டத்து ஜனங்களுக்கு அரிசி பருப்பு ஏறுவதும், யாருக்காவது உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் இதே கல் பாதையில்தான். நாம் ஒரு நாள் குலுங்கிவிட்டுப் போகிறோம். அவர்களுக்குத் தினமும் இதுதான் தெரு.

திரும்பும்போது இன்னும் ஒரே ஒரு காரியம். கல் பாதைக்காக டிரைவர்கள் சில சமயம் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்திருப்பார்கள். அப்போது டயர் கல்லை அணைத்துப் பிடிக்கும், அதில் தவறில்லை. ஆனால் அதே குறைந்த காற்றோடு தார்ச் சாலையில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடித்துவிடும். சூரியநெல்லி வந்ததும், "தம்பி, காற்று சரியாயிருக்கிறதா?" என்று கேளுங்கள். அதட்டலாக வேண்டாம், உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்பது போலக் கேளுங்கள்.

வண்டியின் டயர்கள் நன்றாக இருந்தால், அதையும் வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். "டயரெல்லாம் நன்றாக வைத்திருக்கிறாய் அப்பா" என்று யாரோ ஓர் அம்மாள் சொன்னாள் என்பது அன்று சாயங்காலம் அவர் வீடு வரைக்கும் போகும். அங்கே மஞ்சள் பையைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, அந்த ஒரு வார்த்தை வாடகையைவிடப் பெரிது.